16 கோடி ஊசியும் ஒரு ரூபாய் மாத்திரையும்: அரசின் மருத்துவப் பணம் முதலில் யாருக்கு?

என்னிடம் வந்த கேள்வி இது: "எஸ்.எம்.ஏ. என்ற தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் ஊர் ஊராகப் பணம் திரட்டுகிறார்கள். அரசு ஏன் கொடுக்கக் கூடாது? எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கப் பணம் இல்லையென்றால், யாருக்கு முதலில் என்று எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?"

அரசு மருத்துவப் பணியில் 28 வருடம் இருந்தேன். பாதிக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடைசிச் சில வருடங்கள் மாவட்ட அளவில். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை அரசுக் கொள்முதலில் ஒரு ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கு வருடத்துக்கு 365 ரூபாய். 16 கோடியில் 4 லட்சத்து 38 ஆயிரம் பேருக்கு ஒரு வருட மாத்திரை. மாத்திரை மட்டும் தானாக வாய்க்குள் போய்விடாது. அழுத்தம் பார்க்க ஆள் வேண்டும், வராதவரைத் தேடிப் போக வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர். ஆறு லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளை 2016-ல் தொகுத்துப் பார்த்தபோது, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 10 புள்ளி இறங்கினால் பக்கவாதம் ஏறக்குறைய கால் பங்கு குறைவது தெரிந்தது.

இந்தக் கணக்கு சரிதான். ஆனால் இதை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி கிடைக்காத குழந்தைக்குப் பெயர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, இரண்டு வயதுக்குள் போட வேண்டும் என்ற கெடு இருக்கிறது. பக்கவாதம் வராமல் தப்பித்தவருக்குத் தான் தப்பித்ததே தெரியாது. தப்பாதவருக்கும், இது அரசு வேறெங்கோ செலவு செய்ததால் வந்தது என்று தெரியாது. "தலைவிதி" என்று போய்விடுவார்கள்.

எனக்கு ஒருவரைத் தெரியும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், 46 வயது. எங்கள் நிலையத்தில்தான் பிரஷர் என்று கண்டுபிடித்தோம். இரண்டு மாதம் வந்தார். மூன்றாவது மாதம் வந்தபோது மாத்திரை இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி அவர் வரவில்லை. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே, எதற்கு வர வேண்டும்? ஏழு மாதம் கழித்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். அவர் மனைவி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டை வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்குப் போனார். இவருக்காக யாரும் உண்டியல் வைக்கவில்லை. இவரிடமிருந்து நாங்கள் பிடுங்கிக்கொண்டது 30 ரூபாய் பெறாத மாத்திரை அட்டை.

ஆகவே என் முதல் வாதம்: வரிசை போடலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. வரிசை எப்போதும் இருக்கிறது. எழுதப்படாத வரிசை. பஸ் வசதி இருக்கும் ஊர்க்காரன் முன்னால், மலைக்கிராமத்தான் பின்னால். சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவன் முன்னால். நிதியாண்டு முடிவில் இன்னும் மோசம். மார்ச் மாதம் செலவாகாத பணம் சரண்டர் ஆகித் திரும்பிப் போய்விடக் கூடாது என்ற பதற்றத்தில் வாங்கப்பட்ட விலை உயர்ந்த கருவி ஒன்று, இயக்கத் தெரிந்த ஆள் இல்லாமல், பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல், துணி போர்த்தி இரண்டு வருடம் ஒரு மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே மாதம் துணை சுகாதார நிலையங்களில் பிரஷர் பார்க்கும் கருவியின் கைப்பட்டை கிழிந்து, கிராம சுகாதார செவிலியர்கள் நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார்கள். கருவிக்குத் திறப்பு விழா நடத்தலாம், கைப்பட்டைக்கு நடத்த முடியாது. அதுவும் ஒரு முன்னுரிமை முடிவுதான். யாரும் அதற்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு எடுக்கவில்லை, அவ்வளவே.

வெளிப்படையாக வரிசை எழுத முயன்ற இடம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். 1987-ல் அங்கே உறுப்பு மாற்று சிகிச்சைக்கான பணத்தை நிறுத்தி, அதைக் கர்ப்பிணிகள், குழந்தைகளின் அடிப்படைச் சிகிச்சைக்குத் திருப்பினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று கிடைக்காத ரத்தப் புற்றுநோய்ச் சிறுவன் ஒருவன் ஏழு வயதில் இறந்துபோனான். நாடு கொதித்தது. அப்போது மாநில செனட் தலைவராக இருந்தவர் ஜான் கிட்ஸ்ஹேபர், அவரே அவசர சிகிச்சை மருத்துவர். ரகசியமாக வெட்டுவதைவிட ஊரைக் கூட்டிப் பட்டியல் போடுவோம் என்றார். 1990-ல் வந்த முதல் பட்டியலில் 1,600-க்கு மேற்பட்ட சிகிச்சைகள். செலவுக்கு எவ்வளவு பலன் என்ற ஒற்றைச் சூத்திரத்தில் கணினி அடுக்கியது. பல்லுக்கு உறை போடுவது குடல்வால் அறுவைக்கு மேலே வந்துவிட்டது! பல் உறை மலிவு, பலன் நெடுநாள். கணக்குப்படி அது முன்னால். குடல்வால் வெடித்தால் ஆள் போய்விடுவான் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார்கள். 1992-ல் மத்திய அரசு அதையும் திருப்பி அனுப்பியது. ஊனமுற்றவர்களின் வாழ்க்கையை மற்றவர்களைக் கேட்டு மதிப்பிட்டுக் குறைவாக எடை போட்டிருக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. அது நியாயமான குற்றச்சாட்டு என்றே நினைக்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் ஒரு வருடம் ஓடுகிறவரின் ஒரு வருடத்தைவிடக் குறைவு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. திருத்திய பட்டியல் 1994-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதனால் கணக்கே வேண்டாம் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கணக்கு வேண்டும்; கணக்கு மட்டும் போதாது. கணக்கைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே நைஸ் என்ற அமைப்பு 1999-லிருந்து இயங்குகிறது. ஒரு மருந்து ஒருவருக்கு ஒரு நல்ல வாழ்வாண்டைக் கூட்டித் தர எவ்வளவு ஆகிறது என்று பார்க்கும். நெடுங்காலமாக 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்றால் பொதுவாகச் சம்மதம். சில புற்றுநோய் மருந்துகளுக்கு நைஸ் "முடியாது" என்றபோது பத்திரிகைகள் கொதித்தன, அரசு தனியாகப் புற்றுநோய் மருந்து நிதி ஒன்றைத் தொடங்கியது. 2016 வரை 127 கோடி பவுண்டு அதில் போனது. பிறகு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்த நிதி அனுமதித்த 47 பயன்பாடுகளில் 18-க்கு மட்டுமே, அந்த மருந்து ஆயுளைக் கூட்டியது என்பதற்குச் சோதனை ஆதாரம் இருந்தது. அந்தப் பதினெட்டிலும் கூடிய ஆயுள் நடுமதிப்பில் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். அதே பணம் செவிலியர்களாக, மனநல ஆலோசகர்களாக, வலி நிவாரண மருத்துவமாக மாறியிருக்கலாம்.

இல்லை என்று சொல்வது மட்டும்தான் முன்னுரிமை என்று நினைத்துவிட வேண்டாம். சில நேரம் சரியான கேள்வியைக் கேட்டாலே பெரும் பணம் விடுதலை ஆகிவிடும். இதற்கு உலகத்துக்கே எடுத்துக்காட்டு நம் சென்னை சேத்துப்பட்டில் நடந்தது. 1950-களில் காசநோய்க்கு வழி சானடோரியம் என்றே உலகம் நம்பியது. நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை. மதராஸ் மாகாணத்தில் நோயாளிகளோ எக்கச்சக்கம், படுக்கைகளோ சொற்பம். கூடுதல் படுக்கை கட்டுவதற்கு முன், படுக்கை தேவைதானா என்று கேட்டார்கள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து ஒரு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் அதே மருந்தை நெரிசலான வீட்டிலேயே சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு எவ்வளவோ மேல். ஆனால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இது வெளியானபின் உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. கட்டடத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் மருந்துக்குப் போனது.

1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் அதே வகை. மருந்து வாங்குவதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அத்தியாவசியப் பட்டியல் ஒன்றை வைத்து, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்துப் பெயரிலேயே டெண்டர் விட்டு, தரச் சோதனையில் தேறினால்தான் பணம் என்றார்கள். மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கு மாதிரி ஒரு பாஸ்புக். பட்ஜெட்டைக் கூட்டாமலேயே கூடுதல் மருந்து வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த மருந்தாளுநர்கள் பழைய காலத்துக் காலி அலமாரிகளைப் பற்றிச் சொல்வார்கள்.

இனி கடினமான இடத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ். மலிவான மாத்திரையைப் பற்றிச் சொல்வது எளிது. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இருந்தால் வாழ்வார், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் போய்விடுவார் என்ற மனிதர் வாசலில் நிற்கும்போது என்ன சொல்வது?

தென்னாப்பிரிக்கா டர்பனில் 1997-ல் இப்படி ஒருவர் நின்றார். பெயர் தியாகராஜ் சூப்ரமனி. நம் சுப்பிரமணிதான், தலைமுறைகளுக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த பெயர். 41 வயது, வேலை இல்லை, சர்க்கரை நோய், இதய நோய், ஒருமுறை பக்கவாதம், இரண்டு சிறுநீரகமும் செயலற்றவை. தனியார் மருத்துவமனையில் கையிருப்பு தீரும்வரை டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அரசின் ஆடிங்டன் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தது 20 இயந்திரங்கள். சிறுநீரக மாற்றுக்குத் தகுதி உள்ளவருக்கே தொடர் டயாலிசிஸ் என்று எழுதி வைத்த விதி இருந்தது. இதய நோய் காரணமாக அவருக்குத் தகுதி இல்லை. வழக்குப் போட்டார். "யாருக்கும் அவசரச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது" என்று அந்த நாட்டு அரசியல் சாசனமே சொல்கிறது. நீதிமன்றம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு ஒன்றையும் எடுத்துப் பார்த்தது. ரயிலிலிருந்து விழுந்த ஒரு மேற்கு வங்கத் தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கு அது. பணமில்லை என்று சொல்லி உயிர்காக்கும் அவசர உதவியை அரசு மறுக்க முடியாது என்றது நம் நீதிமன்றம். தென்னாப்பிரிக்க நீதிபதிகள் இரண்டையும் பிரித்தார்கள். விபத்து திடீரென வருவது, டயாலிசிஸ் தொடர்ந்து நடக்க வேண்டியது. விதி நியாயமானது, எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றப்பட்டது, அதை நாங்கள் மீற மாட்டோம் என்று 1997 நவம்பர் 27-ல் தீர்ப்பளித்தார்கள். சில நாளில் சூப்ரமனி இறந்தார்.

இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இருந்தும் அது தவறு என்று சொல்ல முடியவில்லை. 20 இயந்திரத்தை வைத்து அதைவிடப் பல மடங்கு பேரைக் காப்பாற்ற முடியாது. விதியை உடைத்து ஒருவரை உள்ளே விட்டால் வெளியே போகும் இன்னொருவரைக் கோர்ட் பார்த்திருக்காது. ஆனால் ஐந்து வருடத்தில் அதே நீதிமன்றம் எதிர்ப்பக்கம் தீர்ப்புச் சொன்னது. எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும் நெவிரப்பின் மருந்தைத் தயாரிப்பாளரே ஐந்து வருடம் இலவசமாகத் தர முன்வந்தும், மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது அரசு. பணப் பற்றாக்குறை என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. எல்லா அரசு மருத்துவமனையிலும் கொடு என்று 2002 ஜூலையில் உத்தரவு. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். காரணம் நேர்மையாக இருந்தால் "இல்லை" என்பதை ஏற்கலாம். காரணமே இல்லாத "இல்லை"-யை ஏற்கக் கூடாது.

தாய்லாந்து இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டது. 2002-ல் அங்கே எல்லோருக்குமான அரசு மருத்துவத் திட்டம் வந்தபோது டயாலிசிஸ் அதில் சேரவில்லை. கணக்குப் போட்டவர்கள் சொன்னது, எந்த வகை டயாலிசிஸும், ஒரு நல்ல வாழ்வாண்டுக்கு இவ்வளவுதான் என்று நாடு வைத்த செலவு வரம்பைப் பல மடங்கு தாண்டுகிறது என்று. கணக்குப்படி பதில் "வேண்டாம்". ஆனால் கிராமங்களில் நிலத்தை விற்று, மாட்டை விற்று, கடைசியில் சிகிச்சையை நிறுத்தி இறந்துபோகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் சேர்த்தார்கள், ஒரு நிபந்தனையோடு. முதலில் வயிற்று வழி டயாலிசிஸ்; அது ஒத்துவராதவருக்கு இயந்திரம். காரணம், இயந்திரமும் அதை இயக்கும் செவிலியரும் பெருநகரங்களில் குவிந்திருந்தார்கள். வயிற்று வழி என்றால் வீட்டிலேயே செய்யலாம். திரவப் பைகளை மொத்தமாக வாங்கித் தபால்துறை மூலம் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2022-ல் தேர்வு நோயாளி கையில் விடப்பட்டபோது பலரும் இயந்திரத்துக்கு மாறினார்கள், செலவும் ஏறியது.

எனக்கு இதில் பிடித்தது, கணக்கு சொன்ன பதிலை மீறினார்கள், ஆனால் எதற்காக மீறுகிறோம் என்று தெரிந்து மீறினார்கள் என்பது. நோயால் சாவது ஒரு கேடு. நோய்க்குச் செலவழித்துக் குடும்பமே நடுத்தெருவுக்கு வருவது இன்னொரு கேடு, அதற்கும் எடை போட வேண்டும். இந்தியாவில் 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கைக்காசு. அரசுகள் எல்லாம் சேர்ந்து போட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 சதவீதம் என்று வாக்குக் கொடுத்திருந்தது; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலைச் சிகிச்சைக்கு என்றும் சொன்னது. பங்கு போடுவதைப் பற்றிப் பேசும்போது, பானையே சிறியது என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். பிரசவம், குழந்தை நலம், தடுப்பூசியில் தமிழ்நாடு போட்ட பணம் வீண்போகவில்லை. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இங்கே 54, இந்திய அளவில் 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர்களை உட்கார வைத்த வருடங்களின் பலன் அது. ஆனால் நோய் மாறிவிட்டது, பணம் அதே வேகத்தில் மாறவில்லை. 2020-ல் மாநிலம் முழுக்க நடந்த ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம், ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை. அழுத்தம் உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8. நூறு பேருக்கு வியாதி, ஏழு பேருக்குத்தான் வைத்தியம் பலிக்கிறது! மருத்துவக் கல்லூரிகளும் நிபுணர்களும் நிறைந்த மாநிலத்தில் இந்த எண் என்னை வெட்கப்பட வைத்தது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தை அதனால்தான் நான் மனதார வரவேற்றேன். மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி நிவாரணமும் உடற்பயிற்சியும், வயிற்று வழி டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே போகின்றன. அந்த மூட்டை தூக்கும் தொழிலாளி அரை நாள் கூலியை இழந்திருக்க வேண்டாம். குறை என் பார்வையில் ஒன்று உண்டு. எத்தனை லட்சம் வீட்டுக்குப் போனோம் என்று எண்ணுவதைவிட, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்பதை எண்ண வேண்டும். கதவைத் தட்டிய கணக்கு எளிது. கட்டுப்பாட்டுக் கணக்குக்கு அதே ஆளை மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி என் கருத்து பலருக்குக் கசக்கும். 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய திட்டத்தோடு சேர்ந்தது. எத்தனையோ ஏழைகள் பைபாஸ் செய்துகொண்டு நடமாடுகிறார்கள். இங்கே அரசு மருத்துவமனையும் அதில் பணம் பெறலாம் என்ற ஏற்பாடு மிக நல்லது. ஆனால் அந்த அட்டை அறுவைக்கும் படுக்கைக்கும் செல்லும். மாதாமாதம் வரும் புறநோயாளிக்குச் செல்லாது. பைபாஸுக்குப் பில் போட ஆள் இருக்கிறார்கள், பைபாஸ் வராமல் பார்த்துக்கொண்டதற்குப் பில் கிடையாது. பட்ஜெட்டில் பிரீமியம் கட்டாயச் செலவாக முதலில் போய்விடும். துணை சுகாதார நிலையத்தின் காலிப் பணியிடம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். நான் நிதித்துறையில் இருந்தால் பிரீமியம் ஒரு ரூபாய் கூடும்போது ஆரம்ப சுகாதாரத்துக்கு அதைவிடக் கூடுதலாகப் போட்டாக வேண்டும் என்று விதி எழுதுவேன்.

எனக்கு மிகவும் பிடித்த திட்டம் ஒன்று உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாதது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. காசநோய் என்று தெரிந்தவுடன் நோயாளியை எடை பார்க்கிறார்கள், உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், விரலில் மாட்டி ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருப்பவரை, மூச்சு வாங்குகிறவரை, நிற்க முடியாதவரை அன்றைக்கே படுக்கையில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே சிகிச்சை. புதிய மருந்து இல்லை, பெரிய கருவி இல்லை. ஒரு எடை மெஷினும் ஒரு விரல் மானியும். 1956-ல் தொடங்கிய ஆய்வில் எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை என்று கண்டுபிடித்தோம், இப்போது யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கிறோம். மிக மோசமாக இருப்பவரை முன்னால் கொண்டுவருவது என்பது இதுதான். தானாக வரிசையில் முண்டியடித்து வர முடியாதவரை அரசு கைப்பிடித்து முன்னால் நிறுத்துவது.

இப்போது கேள்விக்கு நேரான பதில். என் வரிசை இப்படி இருக்கும். விபத்து, பிரசவம், மாரடைப்பு போன்ற அவசரத்தில் யாரையும் பணம் கேட்கக் கூடாது, கணக்கும் பார்க்கக் கூடாது. அங்கே 1996 தீர்ப்பே எனக்குச் சட்டம். அடுத்து தடுப்பூசி, பிரசவம், காசநோய், பிரஷர், சர்க்கரை, மனநலம், கண்புரை, இவையெல்லாம் விடுபடாமல், ஒரு நாள்கூட மருந்து தீராமல் கிடைக்க வேண்டும். குணமாகாதவருக்கு வலியில்லாமல் இருக்க மார்ஃபின் இதே அடுக்கில் வரும். அதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் முற்றிய புற்றுநோயாளி பக்கத்தில் ஒரு இரவு உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். இதற்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் விலை உயர்ந்த சிகிச்சைகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்வளவு செலவு, எவ்வளவு ஆயுள், எவ்வளவு மோசமான நோய், குடும்பம் கடனில் விழுமா என்று பார்த்து, முடிவையும் காரணத்தையும் தமிழில் எழுதி எல்லோரும் படிக்க வெளியிட வேண்டும். ஏற்காதவர் மேல்முறையீடு செய்ய ஓர் இடம் வேண்டும். புதிய ஆதாரம் வந்தால் முடிவு மாற வேண்டும்.

அந்தக் குழந்தை? ஊசிக்கு 16 கோடி என்ற விலையில், மாநில அரசு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் அதுதான் என் பதில். ஒரு குழந்தைக்குக் கொடுத்து, போட்டோ பரவாத இன்னொரு குழந்தைக்கு மறுப்பது அதைவிட அநியாயம். 2021 அரிய நோய்க் கொள்கையின்கீழ் மத்திய அரசு தரும் உச்சவரம்பு 50 லட்சம். 16 கோடிக்கு முன்னால் அது ஒரு துளி. ஊசி இல்லையென்றாலும் மூச்சுப் பயிற்சி, இரவில் மாட்டும் சுவாசக் கருவி, சளியை எடுக்கும் முறை இவை அந்தக் குழந்தைக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும், அவற்றின் செலவு எந்த மாவட்டமும் தாங்கக்கூடியது.

ஆனால் விலை என்பது கல்லில் எழுதியது இல்லை. எச்.ஐ.வி. மருந்துக்கு வருடம் 10,000 டாலர் என்றிருந்தபோது, 2001-ல் ஓர் இந்திய நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. எஸ்.எம்.ஏ. நோய்க்கும், அந்த 16 கோடி ஊசியைப் போல ஒரே முறையில் முடியாவிட்டாலும் தினமும் வாயால் குடிக்கும் ரிஸ்டிப்ளாம் என்ற மருந்து இருக்கிறது. ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் விற்றது. காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஓர் இந்திய நிறுவனம் அதை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வருடத்துக்குச் சுமார் 15 பாட்டில் வேண்டும், இரண்டரை லட்சத்துக்குள். வளர்ந்து முழு அளவுக்கு வந்தாலும் ஐந்து லட்சத்துக்குள். அந்த 50 லட்சம் இப்போது பத்து வருடத்துக்கு வரும். இந்த விலையில், என் பட்டியலில் அந்தக் குழந்தையின் பெயரை நான் சேர்த்துவிடுவேன்.